முடிவு இல்லாத புத்தகமும் புதுக்கடை பைண்டரும்

கொழும்பு மக்கலம் ரோட்டில் வாங்கிய பழைய புத்தகம் ஒன்றில் கடைசிப் பக்கங்களைக் காணவில்லை என்று கடைக்காரரோடு சண்டை பிடிக்கப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, அதை எழுதிய பெண்மணி முடிவை எழுதாமலே 1865இல் கண்ணை மூடிவிட்டார் என்று. இனி யாரிடம் போய்க் காசைத் திருப்பிக் கேட்பது?

கடையைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். நாவல் நடுவில் புகுந்து பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. கடைசியில் ஒரு பைண்டரும் வந்து சேர்ந்தார்.

முதலில் கடை. வெள்ளவத்தையில் கரையோர ரயில் ஏறினால் மருதானையில் இறங்கலாம். அங்கிருந்து நடை. பெயர்ப்பலகையில் டி.ஆர். விஜேவர்தன மாவத்தை என்று இருக்கும். என் வயதுக்காரருக்கு அது எப்போதும் மக்கலம் ரோட்தான். பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நான் போகும் கடையில் வாசல் முழுக்க ஓ லெவல், ஏ லெவல் பாஸ்ட் பேப்பர். அதற்குப் பின்னால் கணக்கியல், மருத்துவப் பாடப்புத்தகங்கள். ஆங்கில நாவல் வேண்டுமென்றால் குனிந்து உள்ளே போக வேண்டும். உள்ளே வெக்கையும் தூசியும். மேலே ஒரே ஒரு மின்விசிறி, அதுவும் கடைக்காரர் பக்கம் திரும்பியபடி. தும்மல்காரர்கள் முகக்கவசத்தோடு போங்கள், கொரோனாக் காலத்தில் வாங்கிக் குவித்ததில் மிச்சம் எல்லார் வீட்டிலும் இருக்கும்.

அடுக்குவதில் ஒழுங்கு என்று ஒன்றும் இல்லை. எனக்குக் கிடைத்த புத்தகம் சமையல் குறிப்புகளுக்கும் கலியாண வாழ்வுக்கான ஆலோசனைகளுக்கும் நடுவில் செருகியிருந்தது. முதுகில் 'வைவ்ஸ் அண்ட் டோட்டர்ஸ்' என்று பொன் எழுத்து, கீழே 'மிஸிஸ் கஸ்கெல்'. மனைவியரும் மகள்மாரும், எழுதியவர் ஒரு திருமதி! கடைக்கார நானாவைக் குறை சொல்ல முடியாது. மிஸிஸ் என்று தொடங்கினால் ஒன்று கேக் செய்முறையாக இருக்கும், இல்லாவிட்டால் புருஷனைச் சமாளிக்கும் முறையாக இருக்கும். எலிசபெத் கஸ்கெல் என்ற முழுப்பெயரை விட்டுவிட்டு வெகுகாலம் அப்படித்தான் அச்சிட்டு வந்தார்கள். அதே காலத்து நாவலாசிரியர் டிக்கன்ஸின் புத்தக முதுகில் யாரும் மிஸ்டர் போட்டதாக நான் பார்த்ததில்லை.

600 கேட்டார். 450 ரூபாவுக்குத் தந்தார். கெட்டி அட்டை, வெற்றிலைக் காம்பு நிறத் தாள், ஆண்டு போட்ட பக்கம் கிழிந்திருந்தது. முன்பு வைத்திருந்த யாரோ ஓரங்களில் பென்சிலால் குட்டிக் குட்டியாகக் குறிப்பு எழுதியிருந்தார். அந்தக் குறிப்புகளுக்காகவே வாங்கினேன் என்றும் சொல்லலாம். கதாநாயகி மொலியின் தகப்பனார் இரண்டாம் கலியாணம் செய்யத் தீர்மானிக்கும் இடத்தில் 'மடையன்' என்று தமிழில் எழுதியிருந்தது!

நான் 31 வருஷம் வங்கியில் இருந்தவள், அதில் பாதிக்கு மேல் கடன் பிரிவில். நாவலையும் கடன் விண்ணப்பம் மாதிரித்தான் வாசிப்பேன் என்று மகள் கேலி செய்வாள். யாருக்கு எவ்வளவு வருமானம், வீடு யார் பேரில், பிணை நின்றது யார்? இந்த நாவல் எனக்கென்றே எழுதியது போல இருந்தது.

கதை நடப்பது ஹொலிங்ஃபோர்ட் என்ற சின்ன ஊரில். தாயில்லாத மொலி, ஊர் வைத்தியர் கிப்சனின் ஒரே மகள். அவளுக்குத் துணை வேண்டும் என்று அவர் ஒரு விதவையை மணந்துகொண்டு வருகிறார். அந்தச் சிற்றன்னைதான் இந்தப் புத்தகத்தின் சொத்து. நம் தொலைக்காட்சித் தொடர்களில் வரும் மாமியார் போலப் பாலில் நஞ்சு கலப்பவள் இல்லை. தாழ்ந்த குரல், இனிக்க இனிக்கப் பேச்சு. மொலி சின்னப் பிள்ளையாக ஒரு பெரிய மாளிகைக்குப் போய்க் களைத்துப் படுத்திருந்தபோது, அவளுக்கென்று வந்த தட்டுச் சாப்பாட்டைத் தான் சாப்பிட்டு முடித்தவள் இவள்தான். இவளைச் சிற்றன்னையாக்குவதற்குப் பல வருஷம் முன்பே அந்த ஒரு தட்டில் ஆசிரியர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். கலியாணமாகி வந்ததும் வைத்தியருக்குப் பிடித்த பாணும் சீஸும் வீட்டில் நின்றுபோகிறது, அம்மணிக்கு அந்த வாசம் ஆகாதாம். மொலியின் அறையில் இருந்த, அவளைப் பெற்ற தாயின் பழைய தளபாடங்களும் மாற்றப்படுகின்றன, அவள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும். எல்லாம் அவளுடைய நன்மைக்காகவே. இப்படி ஒரு மாமி எல்லார் குடும்பத்திலும் உண்டு. எங்கள் குடும்பத்தில் யார் என்று எழுதினால் கலியாணவீடுகளுக்குப் போக முடியாது.

அந்தச் சிற்றன்னையோடு அவளுடைய மகள் சிந்தியாவும் வருகிறாள். அழகி, சிரித்தே ஆளை மயக்குபவள். அவளுக்கும் ஒரு கடன் இருக்கிறது, 20 பவுண். பதினாறு வயது நிரம்ப முதல், விழாவுக்குப் போட நல்ல உடுப்பில்லை என்று ஒருவனிடம் வாங்கியது. அந்தக் கடனைப் பிடித்துக்கொண்டு அவன் அவளிடம் கலியாண வாக்கு வாங்குகிறான். அவள் எழுதிய கடிதங்கள் அவன் கையில். ஈடு என்றால் இதுதான் ஈடு. அவற்றை மீட்டுவர மொலி தனியாகப் போகிறாள், ஊர் உடனே மொலியைப் பற்றிக் கதைக்கத் தொடங்குகிறது. கடன் ஒருத்தியுடையது, பெயர் கெட்டது மற்றவளுடையது. பிணை கையெழுத்துப் போட்டவர்கள் என் மேசைக்கு முன்னால் வந்து அழுத முகங்கள் எல்லாம் ஞாபகம் வந்தன.

குறையும் இருக்கிறது. முதல் நூறு, நூற்றைம்பது பக்கம் மாட்டுவண்டி வேகம். ரோஜர் என்ற நாயகன் அளவுக்கு மிஞ்சிய நல்லவன். பூச்சி, செடி என்று ஆராய்பவன், ஆபிரிக்காவுக்குப் போகிறவன். ஆசிரியருக்குத் தூரத்து உறவுக்காரரான டார்வினின் சாயல் அவனில் உண்டு. என்றாலும் அவன் பேசும்போது எனக்குக் கொட்டாவி வந்தது. அவனுடைய அண்ணன் ஒஸ்போர்ன், தகப்பனுக்குத் தெரியாமல் ஒரு பிரெஞ்சுப் பணிப்பெண்ணைக் கட்டிக்கொண்டவன், எவ்வளவோ மேல். ஒஸ்போர்னுக்கு ஆயுள் கெட்டியில்லை என்று வைத்தியர் இன்னொருவரோடு பேசுவதைச் சிற்றன்னை ஒட்டுக்கேட்கிறாள். அன்றிலிருந்து சொத்து யாருக்கு வரும் என்று கணக்குப் போட்டுத் தம்பிக்குத் தேத்தண்ணி ஊற்றத் தொடங்குகிறாள். அந்த இடத்தைப் படித்தபோது ரயிலில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெண் இடம் மாறி உட்கார்ந்தாள்.

இப்படி மூன்று கிழமை இழுத்து இழுத்து வாசித்தேன். ரோஜருக்கு மொலியின் மேல்தான் விருப்பம் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. ஒஸ்போர்னின் பிள்ளைக்கு ஸ்கார்லட் காய்ச்சல். தொற்றிவிடும் என்று ரோஜர் மொலிக்குக் கிட்ட வராமலே, சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே, மறுபடி ஆபிரிக்காவுக்குப் புறப்பட்டுவிட்டான். வருவான், சொல்வான், கலியாணம் என்று பக்கத்தைப் புரட்டினால் சிற்றன்னை தன் புதுச் சால்வையைப் பற்றிக் கதைத்துக்கொண்டே தூங்கப் போகிறாள். அதற்குப் பிறகு தாள் இல்லை. நூல் பிய்ந்து தொங்குகிறது.

சனிக்கிழமை காலையிலேயே மருதானைக்கு ரயில் ஏறிவிட்டேன்.

"நானா, இதில கடைசிப் பக்கம் எல்லாம் இல்ல. கதை முடியவே இல்ல."

"மிஸ், பாத்துத்தானே எடுத்தீங்க?"

"முடிவை முதல்ல பாத்தா பிறகு எதுக்கு வாசிக்கிறது?"

இது அவருக்கு நியாயமாகப் பட்டிருக்க வேண்டும், புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் பாடப்புத்தகம் கிண்டிக்கொண்டிருந்த ஒரு கம்பஸ் பொடியன் காதிலிருந்த கருவியைக் கழற்றினான். "ஆன்ட்டி, அது அப்படித்தான். எழுதி முடிக்க முதலே அவ செத்துட்டா." நானா புத்தகத்தை என்னிடமே நீட்டினார். "கேட்டீங்களா மிஸ்? கடைப் பிழை இல்ல."

பிறகு என் முகத்தைப் பார்த்து என்ன தோன்றியதோ, அதே ஆசிரியரின் 'கிரான்ஃபோர்ட்' ஒன்றை எங்கேயோ இருந்து இழுத்து 100 ரூபாவுக்குத் தந்தார். இதற்குத்தான் அந்தக் கடைக்கு நல்ல வார்த்தை எழுதுகிறேன். பில் கிடையாது, மாற்றித் தருவதும் கிடையாது, ஆனால் சண்டை பிடிக்கப் போனவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை.

பொடியன் சொன்னது பாதிதான் உண்மை. கொழும்புப் பொது நூலகத்துக்குப் போய் இன்னொரு பிரதியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நாவல் 1864 ஓகஸ்டிலிருந்து 1866 ஜனவரி வரை 'கோர்ன்ஹில்' என்ற மாத இதழில் தொடராக வந்தது. கடைசித் தவணைக்கு ஆசிரியர் இல்லை. பத்திரிகை ஆசிரியர் பிரெடெரிக் கிரீன்வுட், கதை எப்படி முடியவிருந்தது என்று தெரிந்ததை ஒரு குறிப்பாக எழுதிச் சேர்த்திருக்கிறார். ரோஜர் திரும்பி வருவான், மொலியைக் கட்டுவான். என் பிரதியில் அந்தக் குறிப்பு இருந்த தாள்களும் விழுந்துபோயிருக்கின்றன. ஆகவே நான் சண்டைக்குப் போனதிலும் நியாயம் இருந்தது.

நூலகத்தில் இரண்டு பின்னேரம் உட்கார்ந்து கஸ்கெலின் வாழ்க்கையையும் வாசித்தேன். 1810இல் லண்டனில் பிறந்தவர். ஒரு வயது கடந்த கையோடு தாய் போய்விட்டார்; நட்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் பெரியம்மா வளர்த்தார். கிரான்ஃபோர்ட், ஹொலிங்ஃபோர்ட் எல்லாம் அந்த ஊர்தான். ஒரே அண்ணன் ஜோன், கப்பலில் வேலை. இந்தியாவுக்கான பயணமொன்றோடு தகவல் நின்றுபோனது. என்ன ஆனார் என்று கடைசிவரை தெரியவில்லை. கிரான்ஃபோர்டில் காணாமல்போன சகோதரர் ஒருவர் முதுமையில் இந்தியாவிலிருந்து வீடு திரும்புகிறார். இதை எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை.

1832இல் மன்செஸ்டரில் போதகராக இருந்த வில்லியம் கஸ்கெலைக் கட்டினார். நாலு பெண்பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஒரே மகன் வில்லி, பத்து மாதம்கூட நிரம்பாமல் 1845இல் ஸ்கார்லட் காய்ச்சலில் போனான். அந்தத் துயரத்திலிருந்து மனதைத் திருப்ப ஏதாவது எழுது என்று கணவர் சொல்ல எழுதியதுதான் முதல் நாவல் 'மேரி பார்ட்டன்'. மன்செஸ்டர் பஞ்சாலைத் தொழிலாளரின் பட்டினியைப் பற்றியது. 1848இல் ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்தது, கூலி 100 பவுண். மகன் போய் இருபது வருஷம் கழித்து எழுதிய கடைசி அத்தியாயங்களிலும் அதே காய்ச்சலின் பெயர். வாசித்தபோது ரோஜர் ஏன் கிட்ட வரவில்லை என்று அலுத்துக்கொண்டேன். பிறகு அலுப்பு வரவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிக்கன்ஸ் தன் இதழுக்கு எழுதக் கேட்டு வாங்கினார். இழுபறியும் பட்டார்கள்; 'நோர்த் அண்ட் சவுத்' என்ற நாவலின் தலைப்பு டிக்கன்ஸ் வைத்தது. 1853இல் வந்த 'ரூத்', கலியாணமாகாமல் தாயான ஒரு பெண்ணை இரக்கத்தோடு எழுதியதற்காக, கணவரின் சபையைச் சேர்ந்தவர்களாலேயே எரிக்கப்பட்டது. 1857இல் தோழியும் நாவலாசிரியருமான சார்லட் புரொன்டேயின் வாழ்க்கை வரலாறு. அதற்கு அவதூறு வழக்குப் போடுவோம் என்ற மிரட்டல் வந்து, பிரதிகளைத் திரும்ப எடுத்துத் திருத்தி அச்சிட வேண்டியிருந்தது.

என்னை நிறுத்தியது வேறு ஒன்று. 1850இல் டிக்கன்ஸின் இதழில் வந்த முதல் கதைக்குக் கஸ்கெலுக்குக் கிடைத்த பணம் 20 பவுண். அதைக் கணவர் ஆறுதலாகத் தன் பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டார் என்று ஒரு தோழிக்கு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். சட்டமும் அதுதான். கலியாணமான பெண்ணின் உழைப்பு புருஷனுடையது. தன் சம்பாத்தியம் தன்னுடையதாக 1870 வரையும், தன் சொத்து முழுதும் தன்னுடையதாக 1882 வரையும் இங்கிலாந்துப் பெண்கள் காத்திருந்தார்கள். சிந்தியாவின் கடனும் 20 பவுண்தான் என்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் கடன் பிரிவுக்காரியின் கண்ணுக்கு அது தப்பாது.

சிரித்துவிட்டுப் போக எனக்கு வாய்க்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் பொருந்தும் ஒரு பெண், தன் சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ புருஷனுடைய எழுத்துச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. எத்தனை பெண்களை "அவரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ அம்மா" என்று நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒருத்தி பள்ளிக்கூட அதிபர். புருஷன் எங்கே என்று அவருக்கே தெரியாது.

இதே மிஸிஸ் கஸ்கெல் கடைசியில் என்ன செய்தார் தெரியுமா? 1865இல் கணவருக்குச் சொல்லாமல், தெற்கே ஹொலிபோர்ன் என்ற ஊரில் ஒரு வீடு வாங்கினார், 2,600 பவுண். கொஞ்சம் கடன், மிச்சத்துக்கு இந்த 'வைவ்ஸ் அண்ட் டோட்டர்ஸ்' பணம். வாடகைக்கு விட்டுக் கடனை அடைத்து, வில்லியம் ஓய்வுபெறும்போது ஆச்சரியமாகக் கையில் கொடுப்பது திட்டம். அமெரிக்க நண்பர் ஒருவருக்கு, யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் என்று சிறுபிள்ளை மாதிரிக் கடிதம் எழுதியிருக்கிறார். நொவெம்பர் 12ஆம் திகதி, அந்த வீட்டிலேயே மகள்மாரோடு தேநீர் நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வயது 55. வில்லியம் அப்போது மன்செஸ்டரில்.

திரும்பி வந்து நாவலின் பாதிக்குப் பிறகு உள்ள பகுதியை மறுபடி வாசித்தேன். ஒவ்வொரு தவணையும் எனக்கு ஒரு செங்கல் போலத் தெரிந்தது. அவசரம் தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை.

இனிப் பைண்டர். நூலகத்தில் அந்தக் குறிப்பைப் போட்டோக் கொப்பி எடுத்தேன். வழக்கறிஞர்களுக்குச் சட்டப் புத்தகங்கள் கட்டிக் கொடுக்கும் ஒருவர் கொழும்பு புதுக்கடைப் பகுதியில் இருக்கிறார் என்று பழைய வங்கித் தோழி சொன்னாள். நீதிமன்றப் பக்கம் ஒரு சின்ன அறை. கதவைத் திறந்தால் பசை வாசம். எழுபது வயது மதிக்கலாம், மூக்கு நுனியில் கண்ணாடி. புத்தகத்தைக் கையில் வாங்கியதும் வாசிக்கவில்லை, மணந்து பார்த்தார். "பூச்சி இல்ல பிள்ளை. நூல்தான் போயிட்டுது."

எனக்கு 64 வயது. பிள்ளை என்று கூப்பிட்டதற்காகவே பேரம் பேசாமல் 1,400 ரூபாவுக்கு ஒப்புக்கொண்டேன்.

வேலை முதல்தரம். பழைய தையலைப் பிரித்து, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, ஃபோர்ம் ஃபோர்மாக, அதாவது மடித்த தாள் கட்டுக் கட்டாக, கையாலேயே தைத்திருக்கிறார். பசை கடையில் வாங்கியதில்லை, கோதுமை மா காய்ச்சி மயில்துத்தம் கலந்தது. அப்போதுதான் பூச்சி அண்டாது என்றார். போட்டோக் கொப்பித் தாள் வெள்ளை வெளேரென்று துருத்தும் என்று, கேட்காமலே தேயிலைச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்திருக்கிறார். இப்போது பார்த்தால் அச்சோடு வந்தது போலத்தான். மேலே கருநீலக் கலிக்கோத் துணி. பழைய முதுகிலிருந்த பொன் எழுத்துத் துண்டை வெட்டி அப்படியே புது முதுகில் ஒட்டித் தந்தார். புதிதாக எலிசபெத் என்று அடித்துத் தர முடியுமா என்று கேட்டேன். அதற்குத் தனிக் காசு என்றார். மிஸிஸாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு மனத்தாங்கல். ஓரத்தை ஒப்புரவாக வெட்டும்போது பென்சில் குறிப்புகளின் வால் எல்லாம் போய்விட்டது. 'மடையன்' இப்போது 'மடை'. சொல்லாமல் கொடுத்தது என் பிழைதான். நீங்கள் கொடுத்தால் ஓரம் வெட்ட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரண்டு கிழமை என்றால் நாலு கிழமை ஆகும். தொலைபேசியில் கேட்டால் எப்போதும் "நாளைக்கு" என்பார். நேரில் போய் நின்றால்தான் வேலை நகரும்.

சேர்த்துத் தைத்த அந்தக் குறிப்பில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது. மொலியும் ரோஜரும் லண்டனில் குடியேறிய பிறகு, வைத்தியர் கிப்சன் ஒரு கூட்டாளியைச் சேர்த்துக்கொள்வார். எதற்கு? இடைக்கிடை மகள் வீட்டுக்குப் போய், மனைவியிடமிருந்து கொஞ்சம் ஓய்வெடுக்க. ஆசிரியர் தன் வாயால் சொல்லி வைத்திருந்த முடிவாம்.

என் வீட்டுக்காரருக்குப் புத்தகம் 200 ரூபா என்றும் பைண்டிங் 300 என்றும் சொல்லியிருக்கிறேன். பைண்டர் துண்டுத் தாளில் எழுதித் தந்த கணக்கு 60ஆம் அத்தியாயத்துக்குள் இருக்கிறது. அவ்வளவு தூரம் அவர் வாசிக்க மாட்டார்.